புது போர்டு ஓடாத நாட்கள்

சித்திரை மாதத்தில் ஒரு மதியம் எங்கள் ஊர்மேல் இடி விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் கொல்லையில் பலாமரத்தின் ஒரு கிளை கருகியது. என் கம்ப்யூட்டர் போனது.

நான் அப்போது மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சென்னையில் இருக்கும் பதிப்பாளர்கள் தட்டச்சு செய்த பிரதியை அனுப்புவார்கள். எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே இடைவெளி, படங்கள், பக்க எண் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து அச்சுக்குப் போகிற நிலையில் நான் திருப்பித் தர வேண்டும். அன்று கிணறுகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் பாதி வேலையில் இருந்தது. ஜன்னலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், மேசைக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம், பிறகு பொசுங்கிய பிளாஸ்டிக் வாடை. திரை கறுத்துவிட்டது. மழை விட்டு கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அசைவே இல்லை.

அந்தப் பெட்டியின் விசிறிக்கு ஒரு இரைச்சல் உண்டு. காலையில் பல் துலக்குவதற்கு முன் அதைப் போட்டுவிட்டு, படுக்கப்போகும்போதுதான் அணைப்பேன். அது வீட்டின் சத்தமாகவே ஆகியிருந்தது. அன்று அது இல்லாதபோது ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கோ ஒரு கன்றுக்குட்டி, என் மூச்சு என்று ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது.

மலைமேல், புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. நான் இந்த மலைக்காரன் இல்லை. என் மனைவி நர்ஸ். இங்கே சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது கூடவே வந்தவன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வேலூரில் இருந்தவரை மாத்திரையும், வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்ப்பும் சட்டைப்பையை விட்டுப் போனதில்லை. மலைக்கு வந்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போன பிறகு, பம்ப்பை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருந்தது. அந்த அளவுக்கு மூச்சு சரியாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்த ஊரில் காத்திருக்கிறவர்களும் இல்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு மாறுதல் வந்தது. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ரோட்டோரம், லாரிப் புழுதி, சுற்றிலும் செங்கல் சூளை.

நானும் கிளம்புவதாகத்தான் இருந்தது. அவள்தான் தடுத்தாள்.

"கொஞ்ச நாள் இங்கியே இருங்க. நான் மொதல்ல போய்ட்டு எப்டி கீதுன்னு பாக்கறேன். அந்தப் பொகையில வந்து ஒக்காந்துனு நீங்க இளைக்க, நான் டூட்டி பாப்பனா உங்கள பாப்பனா?"

அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. முதலில் மாதம் ஒரு தடவை அவள் வந்தாள். பிறகு நான் போனேன். பிறகு, பஸ் பிடித்து பஸ் மாறி வருவதற்கே லீவு தீர்ந்துவிடுகிறது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு போனில் பேசுவதோடு நிறுத்தினோம். எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் கிடைக்கும். சாயங்காலம் அங்கே போய்ப் பேசிவிட்டு வருவேன். அவள் டூட்டியில் இருந்தால் பேச்சில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியைத் துணி மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரருக்கு என்னைவிட வயது குறைவு; பேசிக்கொண்டே கழற்றுவார், கழற்றிக்கொண்டே இன்னொருவருக்குப் பதில் சொல்வார். உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்தார்.

"மதர்போர்டு போச்சு சார். பவர் சப்ளை தப்பிச்சிடுச்சு, ஹார்ட் டிஸ்க்கும் நல்லா கீது. அதிர்ஷ்டம்தான். ஆனா இந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்ல. இதே பிராசஸர் ஒக்கார்ற மாதிரி வேற போர்டு, கொஞ்சம் சின்னது, வரவெச்சுத் தர்றேன். பொட்டிய வுட்டுட்டுப் போங்க, மாட்டியே குடுத்துடறேன்."

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஹார்ட் டிஸ்கில் பிறர் புத்தகங்கள் இருந்தன. அதைவிட, பெட்டி இல்லாத மேசையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை வேலூரில் இருந்தபோது நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவன். "போர்டு வந்ததும் சொல்லுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்று சொல்லி மூட்டையைத் திரும்பத் தூக்கி வந்தேன்.

போர்டு வந்துவிட்டதாகச் சேதி கிடைத்ததும் போய் வாங்கி வந்தேன். அட்டைப் பெட்டியில், சாம்பல் நிற உறைக்குள், பழையதைவிட இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது. காலை வெளிச்சம் நன்றாக விழும் நடைவாசலில் பாய் விரித்து, பழைய போர்டைக் கழற்றி, புதியதைப் பொருத்தினேன். பிராசஸரை எடுத்து வைத்தேன், மேலே பசை தடவினேன், விசிறியை அழுத்தி மாட்டினேன். ரேம் அட்டையைக் குத்தி, ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். ஒரு திருகு மீந்தது. சின்ன போர்டுக்குத் திருகு குறைவாகத்தானே வேண்டும் என்று அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

பொத்தானை அழுத்தினேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. சுவரில் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால் மறுபடி அதே அரைச் சுற்று. யாரையோ கூப்பிட்டு, அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவதுபோல.

எதிர்வீட்டு அம்மா முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கணவரும் பிள்ளைகளும் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்க, அவரும் மாடுகளும்தான் அந்த வீட்டில். இந்த ஊரில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவதுபோலத்தான் அவரும் கூப்பிடுவார்.

"இன்னா நர்சம்மா வூட்டுக்காரரே, பொட்டியத் தொறந்து போட்டுனு கீறீங்க?"

"புது போர்டு மாட்டினேம்மா. ஓடல."

"புதுசா ஓடல?"

"புதுசுதான்."

அவர் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பச்சைத் தகட்டையும் அதன்மேல் இருந்த சில்லுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நர்சம்மா எப்ப வருது?" என்று கேட்டார். அது கம்ப்யூட்டரைப் பற்றிய பேச்சு இல்லை. தெரியாது என்றேன். அவர் திரும்பிப் போய்ப் புளியைத் தட்ட ஆரம்பித்தார்.

தொட்டி மேட்டுக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஃபேன் சுத்துதா சார்?"

"சுத்த ஆரம்பிச்சு நிக்குது."

"டிஸ்ப்ளே வருதா?"

"எதுவும் வரல."

"ரேமைக் கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்லை அழிரப்பர்ல தொடச்சிட்டுப் போடுங்க. பாத்துட்டு சொல்லுங்க."

இறங்கிப் போய்த் துடைத்துப் போட்டேன். அரைச் சுற்று. ஏறி வந்து சொன்னேன். பிராசஸருக்குத் தனியாகக் கரண்ட் போகும் நாலு முள் ஒயர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றார். இறங்கினேன். உட்கார்ந்துதான் இருந்தது; இருந்தாலும் கழற்றி மாட்டினேன். அரைச் சுற்று. ஏறினேன். பட்டன் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடச் சொன்னார். அதுவும் செய்தேன். மறுநாள் பிராசஸரையே எடுத்து, அது உட்காரும் இடத்தில் ஏதாவது முள் வளைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எல்லாம் வரிசை கலையாமல் நின்றன. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முன்பக்கப் பொத்தானே பழுதாக இருக்குமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கி, இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மேட்டுக்கும் வீட்டுக்கும் நடை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒன்று கவனித்தேன். கடைக்காரர் போனை எடுத்ததும் எனக்குக் குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் "நான்தாங்க, மலையிலிருந்து" என்று சொல்ல முடிந்தது. அன்று முழுக்க அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை. இதற்கு முன்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வேலை இருந்தபோது அது தெரியவில்லை. மேசையில் உட்கார்ந்தால் யாரோ எழுதியதைப் படித்துக்கொண்டே இருப்பேன். கிணறு வெட்டுகிறவர்கள், நீரோட்டம் பார்க்கிறவர்கள், தூர் வாருகிறவர்கள் என்று பகலெல்லாம் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சுதான் நின்றுபோயிருந்தது.

காலையில் ஒரு டம்ளர் அரிசி போட்டால் மூன்று வேளைக்கும் போதும். கம்ப்யூட்டர் ஓடியபோது அதைத் தட்டில் போட்டு மேசைக்கே எடுத்துப் போவேன். இப்போது அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கச் சிறிது நேரமே ஆயிற்று. மிச்சப் பகல் அப்படியே இருந்தது. அவளுடைய இரும்பு அலமாரியின் கதவு கிரீச்சென்று சத்தம் போடும். அதற்கு எண்ணெய் விட்டேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். அப்புறம் கேட்பதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று யோசித்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பசையை அதிகமாகத் தடவினால் இப்படி ஆகுமா? ஆகாது. மலைக் குளிருக்கு இப்படி ஆகுமா? சித்திரையில் என்ன குளிர் என்று சிரித்தார். ஒருநாள், "சார், முகூர்த்த நாள் பாருங்க, கடையில ஆளு நிக்குது, பத்திரிக அடிக்கிற பிரிண்டர் ரெண்டு தொறந்து கெடக்குது. போர்ட எத்துனு வாங்க, பாத்துடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்த மேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். கீழே ஊரில் புகை எழும்பியது. என் வீட்டு ஓட்டின்மேல் மட்டும் புகை இல்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி கிடைத்தாள்.

"இன்னாங்க, ஓடிச்சா?"

"ஓடல. நாளைக்குத் திருப்பத்தூர் எடுத்துப் போறேன்."

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"கொரல் ஒரு மாதிரி கீதே. இளைப்பா?"

"அதெல்லாம் இல்ல. பேசாம இருந்து இருந்து இப்படி."

அவளுக்குப் பின்னால் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: "இது மட்டும் ஓடலன்னா, எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு அங்க வந்துடறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. யோசித்து வைத்துச் சொன்னதும் இல்லை. வாயில் வந்தது. அவள் "நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான். இங்க இன்னா இருக்குது எனக்கு?"

"புழுதி இருக்கும்ங்க."

"பம்ப் இருக்குல்ல."

"சரி, வாங்க" என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் வேறு எதையோ பேசினோம். வைக்கும்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. வேகமாக, வேலை ஒன்று ஞாபகம் வந்தவள்போல.

மறுநாள் போர்டை மட்டும், பிராசஸரும் ரேமும் அதில் இருந்தபடியே, அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கி, அவருடைய மேசையில் அந்த அட்டைப் பெட்டிமேலேயே போர்டைப் படுக்க வைத்தார். தன்னிடம் இருந்த பவர் சப்ளையின் ஒயர்களைச் செருகினார். ஒரு திரையை இழுத்து மாட்டினார். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முள்ளைத் தொட்டார். விசிறி சுற்றியது, நிற்காமல் சுற்றியது. திரையில் எழுத்து வந்தது.

"ஓடுதே சார்" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. பொய் சொல்லிப் பிடிபட்டவன்போல் நின்றேன். அணைத்து மறுபடி போடச் சொன்னேன். போட்டார். வந்தது. "உங்க பவர் சப்ளையிலதான் பிரச்சன. இடியில பாதி போயிருக்கும், அன்னிக்கி தெரியல. இத்த எத்துனு போய் மாட்டிப் பாருங்க" என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் ஏறினேன். அன்றே வீட்டில் மாட்டினேன். அரைச் சுற்று சுற்றி நின்றது.

அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை. நடைவாசலில், பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் படுத்துவிட்டேன். கீழே ஓடுகிறது, மேலே ஓடவில்லை. மனிதர்களோடு இருந்தால் ஓடுகிறது என்றுகூட ஒரு அசட்டு நினைப்பு வந்தது. சரி, போகட்டும், போய்விடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி இருந்தது. கிணற்றுப் புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிடலாம். கண்ணமங்கலத்தில் ஏதாவது அச்சகத்தில் வேலை கேட்கலாம். மலையில் இன்னும் எத்தனை கோடை பார்க்கப்போகிறோம்?

அப்படியே இரண்டு நாள் விட்டுவிட்டேன். பெட்டியைத் தொடவில்லை. துணிகளை மடித்துப் பையில் வைக்கக்கூடத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் காலை காப்பி டம்ளரோடு நடைவாசலில் உட்கார்ந்திருந்தபோது, பெட்டி எதிரிலேயே கிடந்ததால், மனம் சும்மா இருக்காமல், யோசிக்க ஆரம்பித்தேன். அது தொழில் பழக்கம். ஒரு பக்கத்தில் எழுத்து உடைந்து வந்தால், எந்தப் பக்கத்தில் உடையவில்லை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்ப்போம். கடையில் ஓடிய அதே போர்டு. அதே பிராசஸர். அதே ரேம். பவர் சப்ளையும் இப்போது கடைக்காரர் கொடுத்ததேதான். கரண்ட்? என் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, போன் சார்ஜ் ஏறுகிறது. வேறு என்ன? கடையில் போர்டு அட்டைமேல் படுத்திருந்தது. இங்கே தகரப் பெட்டிக்குள் நிற்கிறது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றினேன். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்டை வைத்து, ஒயர்களை மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் முள்ளைத் தொட்டேன். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் எழுத்து வந்தது.

பிறகு காலியான தகரப் பெட்டிக்குள் வெளிச்சம் படும்படி திருப்பிப் பார்த்தேன். போர்டின் அடிப்பக்கம் தகரத்தில் படாமல் இருப்பதற்காகச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் உள்ளே முறுக்கியிருப்பார்கள். அந்தக் கால்களின் மேல்தான் போர்டு உட்காரும். அதில்தான் திருகு ஏறும். பழைய போர்டுக்கு இருந்த கால்களை நான் அப்படியே விட்டிருந்தேன். புதிய போர்டைக் கையில் பிடித்து அவற்றுக்கு மேலே காட்டிப் பார்த்தேன். ஒரு காலுக்கு நேராகப் போர்டில் துளையே இல்லை. அந்தப் பித்தளை, போர்டின் முதுகில் இருந்த ஈயப் புள்ளிகளில் நேராகக் குத்திக்கொண்டிருந்தது. கரண்ட் அந்த வழியாகத் தகரத்துக்கு இறங்கிவிடும். உடனே பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

குறடால் அந்தக் காலைத் திருகி எடுத்தேன். எளிதாக வந்துவிட்டது. போர்டைத் திரும்பப் பொருத்தி, முன்பக்கப் பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் எழுந்தது. கிணற்றுப் புத்தகம் நான் விட்ட பக்கத்திலேயே திறந்தது.

எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. எழுந்து வெளியே வந்தேன். எதிர்வீட்டில் கதவு சாத்தியிருந்தது. புளி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த அம்மா ஒடுகத்தூர் சந்தைக்கு ஜீப்பில் போயிருந்தார். முற்றத்தில் கொட்டைகள் மட்டும் குவிந்து கிடந்தன. தெருவில் யாரும் இல்லை. மாடு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

தொட்டி மேட்டுக்கு ஏறினேன். மனைவிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடைக்காரருக்கு அடித்தேன். "ஐயோ, அந்த பித்தள ஸ்டட்டா? மொதல்லியே கேட்டிருக்கணும் சார், தோணல. நல்லது, நல்லது. பவர் சப்ளைய அடுத்த தபா வரும்போது எத்துனு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச இருந்தது. அவரைக் கூப்பிட இனி எனக்குக் காரணம் எதுவும் இல்லை என்று வைத்த பிறகுதான் உறைத்தது.

இறங்கப்போகும்போது மனைவி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இந்நேரத்துல? நல்லா கீறீங்கல்ல?"

"ஓடிடுச்சு" என்றேன்.

"இன்னா?"

"போர்டு ஓடிடுச்சு. உள்ள ஒரு பித்தளக் காலு, அது முதுகுல இடிச்சினு இருந்திருக்குது. அத்த எடுத்தேன், ஓடிடுச்சு." நான் முழுவதையும் சொன்னேன். அட்டைமேல் வைத்தது, தகரத்தைத் திருப்பிப் பார்த்தது எல்லாம். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் 'ம்' சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் நான் அவளிடம் கடைசியாக என்ன சொல்லியிருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"சந்தோஷங்க" என்றாள். "புத்தகம் முடிச்சிடலாம் இனிமே."

"வர்றேன்மா. இத முடிச்சிட்டு."

"அவசரமில்ல. இங்க சூளைக்கு நெருப்பு வெச்சிட்டாங்க. இப்ப வராதீங்க." பிறகு, "ஊசி போட ஆளு நிக்குது" என்று வைத்தாள்.

அன்று முழுக்க வேலை செய்தேன். நன்றாகவே வேலை நடந்தது. விசிறியின் சத்தம் புதிய போர்டில் கொஞ்சம் மெலிந்திருந்தது. சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பிய எதிர்வீட்டு அம்மா பொரி வாங்கி வந்து ஒரு கை கொடுத்தார். "ஓடிச்சா?" என்று கேட்டார். ஓடியது என்றேன். "அப்ப நீங்க போவல" என்றார். பையில் துணி மடித்து வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவருக்கு அது பிடித்திருந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கொட்டைகளை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

புத்தகம் முடிந்து அச்சுக்குப் போக ஆனி ஆகிவிட்டது. ஒரு மழை பெய்து புழுதி அடங்கியிருக்கும் என்று எண்ணி, மனைவியிடம் சொல்லிவிட்டுக் கண்ணமங்கலம் போனேன். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். உடம்பு கொஞ்சம் மெலிந்திருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவளுடையது ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. முன்பு வந்தபோது கட்டில் ஜன்னலோரம் இருந்தது. இப்போது அது உள்சுவரோடு தள்ளிப் போடப்பட்டிருந்தது. துணிக்கொடியையும் அந்தப் பக்கம் மாற்றியிருந்தாள். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. ஜன்னலில் புதிதாகக் கொசுவலை. அந்த மாதிரிச் சின்னக் கண் வலை கொசுவுக்கு மட்டுமில்லை, தூசிக்கும் அடிப்பார்கள். சுவரில், இடுப்பு உயரத்தில், வெள்ளைச் சிமெண்ட் பூச்சு இன்னும் நிறம் மாறாமல், நான்கு பிளக் பாயிண்ட் வரிசையாக இருந்தது.

"எதுக்கு இவ்ளோ பிளக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அன்னிக்கி நீங்க சொன்னீங்களே. மறாநாளே எலக்ட்ரீஷியன இட்டாந்தேன். மேச ஒண்ணும் வாங்கினேன். கீழ் வூட்டுப் பொண்ணு பிளஸ் டூ போவுது, அதுக்குக் குடுத்துட்டேன். சொம்மா கெடக்கறதுக்கு."

"சொல்லவே இல்லியே."

"நீங்க போர்டு ஓடிச்சின்னு எவ்ளோ சந்தோஷமா சொன்னீங்க." டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "எனக்கும் பயமாதான் இருந்துச்சு. வந்து இளைச்சா இன்னா பண்றதுன்னு. வரலன்னதும் ஒரு பக்கம் நல்லதுன்னுதான் இருந்துச்சு. ஒரு பக்கம்."

நான் டீயைக் குடித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் உட்கார ஒன்றும் இல்லாததால் நானும் கட்டிலிலேயே, அவளுக்கு அடுத்து உட்கார்ந்தேன். மேசை எப்படி இருந்தது என்று கேட்டேன். மரமா, இரும்பா? மரம்தான், இழுப்பறை ஒன்று இருந்தது, சாவி மட்டும் சரியாகத் திரும்பாது என்றாள்.

மூன்று நாள் இருந்தேன். இரண்டாம் நாளிலிருந்தே மார்பில் மெல்லிசாக விசில் அடித்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மூச்சை அடக்கினேன். அவள் நர்ஸ். சோறு போட்டுக்கொண்டே, "பம்ப்ப எடுத்துக்கங்க, சொம்மா அடக்காதீங்க" என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் அவள் டூட்டிக்குப் போகும் வழியில் என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். ஆரணிப் பக்கமிருந்து வந்த வேலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் கீழே நின்று, போர்டு மறுபடி ஏதாவது தொல்லை கொடுக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நன்றாக ஓடுகிறது என்றேன்.

"மழைக்காலம் வருது. இடி இடிச்சா ஒயர மொதல்ல புடுங்கிடுங்க" என்றாள்.

சரி என்றேன். பஸ் நகர்ந்தது. அவள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு புழுதிக்குள் ரோட்டைக் கடந்து போனாள்.